விதிமுறைகளில் வரும் 'ஷல்' என்னும் ஆங்கிலச் சொல்: கடமையா, எதிர்காலமா?

கேள்வி (குடியிருப்புச் சங்க உறுப்பினர்):

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத் துணை விதிகள் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. தம்மைக் கட்டுப்படுத்தும் விதிகளைத் தம் மொழியில் படிக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர், குறிப்பாக மூத்தவர்கள், கேட்டுக்கொண்டதால், அவற்றைத் தமிழாக்கும் பொறுப்பைப் பொதுக்குழு என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. நிலுவை, தணிக்கை, குறைவெண், தீர்மானம் போன்றவற்றுக்குத் தமிழில் நிலைபெற்ற சொற்கள் இருப்பதால் அங்கே தடுமாற்றம் இல்லை. ஏறக்குறைய எல்லா வாக்கியங்களிலும் வரும் 'ஷல்' என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன்.

'ஐ', 'வி' என்னும் தன்மை எழுவாய்களோடு 'ஷல்' வரும், மற்றவற்றோடு 'வில்' வரும், இரண்டும் எதிர்காலம் காட்டும் என்பதே பள்ளியில் நாங்கள் படித்தது. இந்த விதிகளிலோ செயலாளர், பொருளாளர், சங்கம், கணக்கு என்று படர்க்கை எழுவாய்களோடுதான் அந்தச் சொல் வருகிறது. செயலாளர் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டுவது பற்றிய விதியை 'கூட்டுவார்' என்று எழுதினால், நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்வதுபோல் இருக்கிறது. எல்லா இடங்களிலும் 'வேண்டும்' என்று எழுதினால், சங்கத்தின் பெயரைச் சொல்லும் முதல் விதியே யாரோ ஒருவருடைய விருப்பம்போல் ஆகிவிடுகிறது. பராமரிப்புக் கட்டண நிலுவை வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை என்று சொல்லும் விதியிலும் இதே சொல் இருக்கிறது. அங்கே 'வேண்டும்' பொருந்தவே இல்லை. நிர்வாகக் குழு அபராதம் விதிப்பது பற்றிய விதியில் மட்டும் 'மே' என்று இருக்கிறது.

எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவர், 'மஸ்ட்' என்பதுதான் கட்டாயம், 'ஷல்' என்பது மென்மையான அறிவுரை மட்டுமே என்று உறுதியாகச் சொல்கிறார். அது சரியா? இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்):

தன்மைக்கு 'ஷல்', மற்றவற்றுக்கு 'வில்' என்று நம் பள்ளிகளில் சொல்லித்தரப்பட்டது ஒரு பழைய விதியின் பாதி மட்டுமே. ஜான் வாலிஸ் என்பவர் 1653-இல் லத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் அந்த விதி முழுமையாக இருக்கிறது. தன்மையில் 'ஷல்' நடக்கப்போவதை மட்டும் சொல்லும், 'வில்' வாக்குறுதியையோ எச்சரிக்கையையோ காட்டும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது தலைகீழாக மாறி, 'வில்' வெறும் எதிர்காலத்தையும் 'ஷல்' பேசுபவரின் வாக்குறுதியையோ எச்சரிக்கையையோ காட்டும் என்பது அவர் வகுத்த முறை. ஆகவே செயலாளர் என்னும் படர்க்கை எழுவாயோடு 'ஷல்' வருவது அந்தப் பழைய விதிக்கும் உட்பட்டதுதான். நமக்குச் சொல்லப்படாத இரண்டாம் பாதி உங்கள் துணை விதிகளில் நிற்கிறது.

சொல்லின் வேர் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் முன்வடிவத்துக்குக் 'கடன்பட்டிருக்கிறேன்', 'செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்' என்பவையே பொருள். ஜெர்மன் மொழியில் கடனையும் குற்றத்தையும் குறிக்கும் 'ஷுல்ட்' என்ற சொல் இதன் உறவு. 'வில்' என்பதன் முன்வடிவமோ விருப்பத்தைக் குறித்தது. எதிர்காலத்துக்கென்று தனி வினைவிகுதி இல்லாத ஆங்கிலம், கடமைக்கு உரிய சொல்லையும் விருப்பத்துக்கு உரிய சொல்லையும் எடுத்து எதிர்காலம் காட்டப் பயன்படுத்திக்கொண்டது. கடமையே இந்தச் சொல்லின் முதற்பொருள், காலம் பின்னால் ஒட்டிக்கொண்டது என்பதை நினைவில் வைத்தால் குழப்பத்தின் பெரும்பகுதி விலகிவிடும். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் பத்துக் கட்டளைகளுள் பெரும்பாலானவை இந்தச் சொல்லின் முன்னிலை வடிவத்தோடுதான் நிற்கின்றன. தமிழ் விவிலியத்தில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்று நாம் படிக்கும் இடம் அது. அங்கே எதிர்காலம் பற்றிய பேச்சு எதுவும் இல்லை.

வாலிஸ் வகுத்த விதியைப் பேச்சு வழக்கு முழுமையாகப் பின்பற்றியதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1940 ஜூன் 4-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் சர்ச்சில், கடற்கரைகளில் போரிடுவோம், ஒருபோதும் சரணடைய மாட்டோம் என்று பேசியபோது 'வி ஷல்' என்றே அடுக்கிக்கொண்டு போனார். 1942-இல் பிலிப்பைன்ஸை விட்டு ஆஸ்திரேலியா சென்ற தளபதி மெக்ஆர்தர் 'ஐ ஷல் ரிட்டர்ன்' என்றார். விதிப்படி இவை வெறும் எதிர்காலமாக இருந்திருக்க வேண்டும். கேட்டவர்கள் எவரும் அப்படிக் கேட்கவில்லை.

இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு எல்லா இடங்களிலும் 'வில்' போதும். 'ஷல்' உயிரோடு இருப்பது பெரும்பாலும் தன்மை வினாக்களில்தான். 'ஷல் ஐ' என்று தொடங்கினால் 'செய்யட்டுமா' என்றும், 'ஷல் வி' என்று தொடங்கினால் 'செய்யலாமா' என்றும் பொருள். அதற்கு அப்பால் அந்தச் சொல் வலுவாக வாழும் இடம் சட்டமும் விதிமுறையும் ஒப்பந்தமும். அங்குள்ள பொருளை விளக்க வழக்கறிஞர் எவரேனும் வந்தால் நல்லது.

மறுமொழி 2 (உரிமையியல் வழக்கறிஞர்):

ஆசிரியர் ஐயா சொன்னதிலிருந்து தொடர்கிறேன். உங்கள் நிர்வாகக் குழு உறுப்பினரின் கருத்து ஏற்கத்தக்கதல்ல. சட்ட ஆங்கிலத்தில் 'ஷல்' கடமையையும், 'மே' செய்யவும் செய்யாதிருக்கவும் உள்ள அதிகாரத்தையும் குறிக்கும் என்பதே தொடக்க நிலை. இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதற்கு 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் பாருங்கள். நீதிமன்றம் ஒன்றை அனுமானிப்பது பற்றி அதன் 4-ஆம் பிரிவு பேசுகிறது. 'மே' என்று சொன்னால், நீதிமன்றம் அந்தச் செய்தியை மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளலாம் அல்லது சான்று கேட்கலாம். 'ஷல்' என்று சொன்னால், பொய்யென்று மெய்ப்பிக்கப்படும் வரை அதை மெய்யாகவே கொள்ளவேண்டும்.

அந்தச் சட்டத்தில் 1983-இல் சேர்க்கப்பட்ட 113ஏ பிரிவு, திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டு, அவளைக் கணவரோ அவருடைய உறவினரோ கொடுமைக்கு உள்ளாக்கியதும் காட்டப்பட்டால், தற்கொலைக்கு அவர்கள் உடந்தை என்று நீதிமன்றம் அனுமானிப்பதைப் பற்றியது. அங்கே இருக்கும் சொல் 'மே'. 1986-இல் சேர்க்கப்பட்ட 113பி பிரிவு வரதட்சணை மரணத்தைப் பற்றியது. இறப்புக்குச் சற்று முன்பு வரதட்சணைக்காக அவள் கொடுமைப்படுத்தப்பட்டாள் என்று காட்டப்பட்டால் நீதிமன்றம் அனுமானித்தே ஆகவேண்டும், ஏனென்றால் அங்கே இருக்கும் சொல் 'ஷல்'. முதல் பிரிவில் நீதிபதிக்குத் தெரிவு இருக்கிறது. இரண்டாவதில் அது இல்லை, தன்னைக் காத்துக்கொள்ளும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் நீதி இந்தச் சிறு சொல்லைப் பொறுத்து நிற்பதைப் பார்த்த எவரும் இதை மென்மையான அறிவுரை என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த வேறுபாடு அப்படியே தொடர்கிறது.

ஆனால் 'ஷல்' வரும் இடமெல்லாம் கடமை என்று கொள்வதும் தவறாகும். நம் அரசியலமைப்புச் சட்டமே போதிய சான்று தருகிறது. முதல் பிரிவு, பாரதமாகிய இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும் என்று 'ஷல்' போட்டுச் சொல்கிறது; அது எவர்மீதும் கடமையைச் சுமத்தவில்லை, ஒரு நிலையை நிறுவுகிறது. இந்தியாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒருவர் உண்டு என்னும் 52-ஆம் பிரிவும் அத்தகையதே. 14-ஆம் பிரிவில் அரசு எவருக்கும் சட்டத்தின் முன் சமத்துவத்தை மறுக்கக் கூடாது என்று எதிர்மறையில் வரும்போது அது முழுமையான தடை. 17-ஆம் பிரிவின் முதல் வாக்கியத்தில் தீண்டாமை ஒழிக்கப்பட்டுவிட்டது என்று எழுதியபோது 'ஷல்' என்ற சொல்லே பயன்படுத்தப்படவில்லை என்பதை நான் எப்போதும் மரியாதையோடு கவனிப்பதுண்டு. செய்ய வேண்டியதாகவோ செய்யப்போவதாகவோ சொல்லாமல், அந்த நொடியிலேயே முடிந்ததாகச் சொல்லிவிட்டார்கள். 37-ஆம் பிரிவு இன்னொரு வகை: அரசுக்கு அரசியலமைப்பு வகுத்த வழிகாட்டு நெறிகளை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டு, சட்டம் இயற்றும்போது அவற்றைப் பின்பற்றுவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ஆக, நீதிமன்றம் கட்டாயப்படுத்தாத கடமையும் இந்தச் சொல்லின் கீழ் உண்டு.

இன்னும் நுட்பமான இடம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது. அரசு ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றி 320-ஆம் பிரிவு 'ஷல்' என்றே சொல்கிறது. ஆனாலும் உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவாவுக்கும் இடையிலான வழக்கில், அந்தக் கலந்தாலோசனை நடக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இல் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் கருத்து அரசைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதும், கலந்தாலோசிக்காவிட்டால் என்ன விளைவு என்று சட்டம் சொல்லவில்லை என்பதும் அதற்கான காரணங்களுள் சில. உரிமையியல் வழக்குகளில் எதிர்வாதி தன் எழுத்து வடிவப் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்ற வரம்பும் 'ஷல்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. அது நடைமுறையை வழிநடத்தும் தன்மையது, விதிவிலக்கான சூழலில் நீதிமன்றம் தாமதத்தைப் பொறுக்கலாம் என்று கைலாஷ் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் வணிக நீதிமன்றங்கள் சட்டம் வந்தபோது, 120 நாள் கடந்தால் எதிருரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும் என்று விளைவையும் சேர்த்து எழுதினார்கள். அந்த வரம்பு கட்டாயம் என்று 2019-இல் தீர்ப்பு வந்தது. இரண்டிலும் 'ஷல்' இருக்கிறது, விளைவு ஒன்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு விதியிலும் மூன்றைப் பாருங்கள்: எழுவாய் செயலாற்றக்கூடிய ஆளா அல்லது பொருளா, வாக்கியம் எதிர்மறையா, மீறினால் என்ன என்று வேறெங்காவது சொல்லப்பட்டிருக்கிறதா. செயலாளர் பற்றிய விதிக்குக் 'கூட்ட வேண்டும்' அல்லது 'கூட்டுதல் வேண்டும்' என்று எழுதுங்கள். பெயர் பற்றிய விதிக்கு 'சங்கத்தின் பெயர் இன்னது ஆகும்' என்பது போதும். தமிழில் 'வேண்டும்' கடமையையும் விருப்பத்தையும் சேர்த்துக் குறிப்பதால்தான், செயலாற்ற முடியாத எழுவாயோடு அது வரும்போது வேண்டுதல்போல் உங்கள் காதில் விழுகிறது. வாக்குரிமை பற்றிய விதியில் 'வாக்களிக்கக் கூடாது' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் வாக்களிப்பதே ஒரு குற்றம் என்ற பொருள் வந்துவிடும். அந்த விதி உரிமையை மறுக்கிறது, ஆகவே 'வாக்களிக்கும் உரிமை இல்லை' என்பதே அதன் பொருள்.

மறுமொழி 3 (கட்டுமானப் பொறியாளர்):

எங்கள் துறையில் இந்தச் சொல்லின் எடை அன்றாடம் தெரியும். கான்கிரீட் பணிகளுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில், கான்கிரீட்டை இயந்திரக் கலவையில் கலக்க வேண்டும் என்னும் இடத்தில் 'ஷல்' இருக்கிறது. இறக்கிய பின் கல்லும் சாந்தும் பிரிந்திருந்தால் மீண்டும் கலப்பது நல்லது என்னும் இடத்தில் 'ஷுட்' இருக்கிறது. முதலாவதை ஒப்பந்ததாரர் மீறினால் மேற்பார்வைப் பொறியாளர் பணியை ஏற்க மறுக்கலாம். இரண்டாவதில் காரணம் சொல்ல இடமுண்டு.

பன்னாட்டுத் தர நிர்ணயங்களை எழுதுவதற்கான ஐஎஸ்ஓ வழிமுறை இதைத் திட்டவட்டமாக வகுத்திருக்கிறது. 'ஷல்' என்றால் நிறைவேற்றியே ஆக வேண்டிய தேவை, 'ஷுட்' என்றால் பரிந்துரை, 'மே' என்றால் அனுமதி, 'கேன்' என்றால் இயலுமை. தேவையைக் குறிக்க 'ஷல்' என்பதற்குப் பதிலாக 'மஸ்ட்' என்று எழுதக் கூடாது என்பதும் அதே வழிமுறைதான். இணைய நெறிமுறைகளை எழுதுவோர் 1997 மார்ச்சில் வெளியிட்ட ஆர்எஃப்சி 2119 என்னும் ஆவணம், 'மஸ்ட்', 'ஷல்' இரண்டையும் ஒரே பொருளுடையவை என்று வரையறுக்கிறது. 2017-இல் வந்த ஒரு திருத்தம், பெரிய எழுத்துகளில் எழுதினால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் உண்டு என்று தெளிவுபடுத்தியது. 'ஷல்' என்பது 'மஸ்ட்' என்பதைவிட மென்மையானது என்று உங்கள் குழு உறுப்பினர் சொல்வதற்கு இவற்றில் எங்கும் இடமில்லை. அவர் 'ஷுட்' என்பதோடு இதைக் கலந்துவிட்டிருக்கக்கூடும். வரலாற்றில் அது 'ஷல்' என்பதன் இறந்தகால வடிவம்தான், ஆனால் இன்று இரண்டும் வெவ்வேறு எடை உடையவை.

மறுமொழி 4 (மொழிபெயர்ப்பாளர்):

இத்தனை விளக்கம் தேவைப்படும் ஒரு சொல்லை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று ஆங்கிலம் பேசும் நாடுகளே கேட்டுவிட்டன. தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பு 'ஷல்' என்று எழுதியது. 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கடமையைச் சொல்லும் இடங்களில் 'மஸ்ட்' என்று எழுதுகிறது. ஆஸ்திரேலியச் சட்ட வரைவாளர்களும் அவ்வழிக்கு மாறிவிட்டார்கள். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகள் 2007-இல் திருத்தி எழுதப்பட்டபோது, பல பொருள் தருவதால் குழப்பம் விளைகிறது என்று காரணம் சொல்லி இந்தச் சொல்லை நீக்கினார்கள். உங்கள் ஆங்கில மூலத்தையும் அடுத்த பொதுக்குழுவில் அப்படியே மாற்றிவிடலாம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. செயலாளர், பெயர், வாக்குரிமை ஆகிய விதிகளை வழக்கறிஞர் அம்மா சொன்னவாறே எழுதிவிட்டேன். அபராதம் பற்றிய விதியில் 'விதிக்கலாம்' என்று வைத்திருக்கிறேன். ஆனால் இன்னொன்று தீரவில்லை. ஆண்டுக் கணக்குகள் தணிக்கை செய்யப்படுவது பற்றிய விதியில் 'ஷல்' இருக்கிறது, யார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது இல்லை. செயப்பாட்டு வினையில் அப்படியே எழுதினால் தமிழில் யாருக்கும் பொறுப்பில்லாததுபோல் இருக்கிறது. 'பொருளாளர் தணிக்கை செய்விக்க வேண்டும்' என்று நான் சேர்க்கலாமா?

மறுமொழி 2 (உரிமையியல் வழக்கறிஞர்):

சேர்க்கக் கூடாது. பொருளாளர்மீது புதிய கடமை ஒன்றைச் சுமத்தும் அதிகாரம் பொதுக்குழுவுக்கே உண்டு. மொழிபெயர்ப்பவருக்கு அது கிடையாது. 'கணக்குகள் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட வேண்டும்' என்றே எழுதிவிட்டு, பொறுப்பாளர் பெயரிடப்படவில்லை என்று தனிக் குறிப்பு ஒன்றை நிர்வாகக் குழுவுக்குக் கொடுங்கள். இப்படிப்பட்ட விதிகளில்தான் பின்னாளில் செயலாளர் பொருளாளரையும் பொருளாளர் தலைவரையும் கைகாட்டுவார்கள்.

ஆங்கில மூலத்தில் 'ஷல்' என்பதை எல்லா இடங்களிலும் 'மஸ்ட்' என்று மாற்றலாம் என்ற யோசனையை நண்பர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கிறார். ஆனால் சொல்லை இயந்திரம்போல் மாற்றினால், சங்கத்தின் பெயர் பற்றிய விதியில் பொருளற்ற கட்டாயம் ஒன்று புகுந்துவிடும். 'செய்வது சட்டப்படி ஏற்புடையது' என்னும் பொருளில் 'ஷல் பி லாஃபுல்' என்று உங்கள் விதிகளில் எங்காவது வந்தால், அங்கே இன்னும் கவனம் தேவை. 1880-இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராயர் தொடர்பான ஜூலியஸ் வழக்கில், அந்தத் தொடர் அதிகாரத்தை மட்டுமே தருகிறது, அதனால் மட்டும் கடமை பிறப்பதில்லை என்று பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. அத்தகைய இடத்தில் தமிழில் 'செய்யலாம்' என்றே வரவேண்டும்.

தமிழ் வடிவத்தின் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள்: இது உறுப்பினர்களின் புரிதலுக்கான மொழிபெயர்ப்பு என்றும், இரண்டுக்கும் இடையே பொருள் வேறுபாடு எழுந்தால் பதிவு செய்யப்பட்ட ஆங்கில வடிவமே செல்லும் என்றும். தமிழ் வடிவத்தையே பொதுக்குழு ஏற்றுத் திருத்தமாகப் பதிவு செய்ய முன்வந்தால், தணிக்கை விதிக்குப் பொறுப்பாளரையும், செயலாளர் உரிய காலத்தில் கூட்டத்தைக் கூட்டாவிட்டால் எத்தனை உறுப்பினர்கள் கையொப்பமிட்டுத் தாமே கூட்டலாம் என்பதையும் அந்தத் திருத்தத்தோடு சேர்த்தே எழுதிவிடுங்கள்.